வாய் திறவாத நாயகி



கற்பிட்டியிலே ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஒன்று உண்டு. 1667ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று 1676ஆம் ஆண்டிலே முடிவுற்ற அக்கோட்டை இன்று கடற்படையினரின் பொறுப்பில் இருக்கின்றது. அதனைக் காண வருவோர், இத்துணைச் சிறிய ஊருக்கு இவ்வளவு தடித்த மதில்கள் எதற்கு என்று வியப்பது வழக்கம். மதிலின்மேல் ஏறி நின்று நீர்ப்பரப்பை நோக்கினால் விடை தெரிந்துவிடும். புத்தளம் களப்பு வடக்கே தான் கடலோடு கலக்கின்றது. ஆகவே வெளிக்கடலிலிருந்து புத்தளம் துறைக்குச் செல்லும் மரக்கலம் எதுவாயினும் கற்பிட்டியைக் கடந்தே செல்லல் வேண்டும். களப்பின் வாயிலைக் காப்பவன் எவனோ, அவனே உள்நாட்டின் வணிகத்தைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவன். ஒல்லாந்தர் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

இன்று நான் ஒரு பழைய ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்துள்ளேன். கோட்டையிற் தொடங்கி எங்கோ போகின்றேனே என்று நேயர்கள் எண்ண வேண்டா. அந்தப் படத்தின் கதையும் ஒரு நீர்வாயிலைப் பற்றியது. அக்கதை நிகழும் நாட்டை ஆண்டவர்களும் ஒல்லாந்தரே. அப்படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பல எடுக்கப்பட்டதோ நமது இலங்கைத் தீவிலே.

'அவுட்காஸ்ட் ஒஃப் தி ஐலண்ட்ஸ்' என்பது படத்தின் பெயர். 'தீவுகளின் புறக்கணிக்கப்பட்டவன்' என்று தமிழிற் கூறலாம். 1951ஆம் ஆண்டிலே கரோல் றீட் என்னும் பிரித்தானிய நெறியாளர் இதனை உருவாக்கினார். ஜோசப் கொன்றட் 1896ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலே இதற்கு மூலம். எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் மாணவர்க்குக் குடியேற்ற ஆட்சிக் காலத்தைக் கண்ணாற் காட்டலாம் என்று கருதி, ஒரு பிற்பகற் பொழுதில் இப்படத்தைத் திரையிட்டேன். நான் கற்பிக்க எண்ணியது ஒன்று, கற்றுக்கொண்டது வேறொன்று.

முதலிற் கதையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். வில்லெம்ஸ் என்பவன் கீழைத் தீவுகளின் துறைமுகமொன்றிலே வணிக நிறுவனத்திற் பணிபுரியும் வெள்ளையன். பணத்தைக் கையாடிப் பிடிபட்டு, வேலையையும் மதிப்பையும் இழக்கின்றான். அவனைச் சிறுவயது முதல் ஆதரித்த லிங்காட் என்னும் கப்பற்றலைவர், போர்னியோக் கரையில் ஓர் ஆற்றின் மேலேயுள்ள சாம்பீர் என்ற ஊருக்கு அவனை அழைத்துச் செல்கின்றார். அவ்வூர் வணிகம் முழுவதும் லிங்காட்டின் கையில் இருக்கின்றது. காரணம், பாறைகளும் மணற்றிடர்களும் நிறைந்த ஆற்றுவாயிலுக்குள் கப்பலைச் செலுத்தும் வழி அவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய முகவராக அங்கே வாழ்பவன் அல்மேயர். வேலையற்று அலையும் வில்லெம்ஸ், முன்னாள் தலைவரொருவரின் மகளாகிய ஆயிசாவைக் காண்கின்றான், மயங்குகின்றான். அவளுடைய தந்தை கண்பார்வை இழந்த முதியவர். லிங்காட்டின் தனியுரிமையை உடைக்கக் காத்திருந்த ஊரவர்கள் இம்மயக்கத்தைத் தமக்குப் பயன்படுத்துகின்றனர். பெண்ணை அவனிடமிருந்து மறைக்கின்றனர். வழியைக் காட்டினால் அவள் உனக்கு என்கின்றனர். வில்லெம்ஸ் இரகசிய வழியிலே மாற்றானின் கப்பலை உள்ளே கொண்டு வருகின்றான். காதலுக்காகச் செய்த துரோகம் அவனையும் அழிக்கின்றது, அவளையும் அழிக்கின்றது.

கற்பிட்டிப் பிள்ளைகளுக்கு இக்கதையின் ஒரு பகுதியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீர்வாயிலைப் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டின் குரல்வளையை நெரிப்பது எப்படி என்பது அவர்கள் ஊரின் வரலாறு. கண்டி அரசுக்குப் புத்தளம் இன்றியமையாத துறையாக விளங்கியது. மலைநாட்டுப் பாக்கு அவ்வழியே வெளியே சென்றது. துணியும் பிறவும் உள்ளே வந்தன. எல்லாவற்றிலும் மேலாக உப்பு. மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. கடற்கரையைத் தன் கைக்குள் வைத்திருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, வாளெடுக்காமலே கண்டியை வருத்த உப்பு ஒன்றே போதுமாயிருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாலே கண்டி மன்னர் தீவின் கரை முழுவதையும் கம்பனியிடம் இழந்தார். அதற்கு ஈடாகப் புத்தளம், சிலாபம் முதலிய இடங்களிலே கண்டி மக்கள் உப்பு எடுத்துக்கொள்ள இசைவு வழங்கப்பட்டது. தம் நாட்டு உப்பைத் தாம் அள்ளுவதற்கு அயலான் இசைவு தருவது எத்தகைய நிலை என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள். 1795ஆம் ஆண்டு நவம்பரிலே கற்பிட்டிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கொடி மாறியது, வாயிற்காவல் மாறவில்லை.

ஆகவே படம் முடிந்ததும் மாணவர்கள் கம்பனியைப் பற்றியும் வணிகத்தைப் பற்றியும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், அந்தப் பெண் ஊமையா?" என்று கேட்டாள்.

நான் திகைத்தேன். ஆயிசாவாக நடித்தவர் கெரிமா என்னும் நடிகை. திரையில் அவர் தோன்றிய முதற்படம் இது. நெறியாளர் அவர் கண்களை நம்பியே அப்பாத்திரத்தை அமைத்திருக்கின்றார். அவள் பார்க்கின்றாள், நடக்கின்றாள், அழுகின்றாள், சினக்கின்றாள். ஆனால் படம் முழுவதிலும் ஒரு சொல்லேனும் அவள் பேசவில்லை. இதை நான் முன்னர் ஒருமுறை பார்த்தபோது கவனித்திருக்கவில்லை. அழகு கண்ணை நிறைத்தது. காது வெறுமையாக இருந்ததை உணரவில்லை.

ஊமை என்று கதையில் எங்கும் கூறப்படவில்லை. "அப்படியென்றால் ஏன் பேசவில்லை, சேர்?" என்று அம்மாணவி மீண்டும் கேட்டாள். நாவலைப் படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கின்றேன் என்று கூறி அன்று தப்பிக்கொண்டேன்.

படித்தேன். கொன்றட்டின் ஆயிசா ஊமையல்லள். அவள் பேசுகின்றாள், வாதாடுகின்றாள், கெஞ்சுகின்றாள், சபிக்கின்றாள். உன் நாட்டைப் பற்றிச் சொல் என்று வில்லெம்ஸைக் கேட்கின்றாள். அவனுடைய சொற்களை நம்ப மறுக்கின்றாள். முடிவிலே அவனுக்கு முன்னமே மனைவி ஒருத்தி இருப்பதை அறிந்து, தன் கையாலேயே அவனைச் சுட்டுக் கொல்கின்றாள். அது நன்றோ தீதோ, அவளுடைய செயல். படத்திலோ துப்பாக்கி முழங்குவதில்லை. கொட்டும் மழையிலே லிங்காட் வில்லெம்ஸைக் கைவிட்டுச் செல்ல, அவனோடு அவளும் பேச்சின்றி எஞ்சி நிற்கின்றாள். எழுத்திலிருந்து திரைக்கு வந்த வழியிலே அவளுடைய நாவும் பறிபோயிற்று, கையும் பறிபோயிற்று.

மேலும் தேடியபோது வேறு மாற்றங்களும் புலப்பட்டன. கொன்றட்டின் கதைகளில் அல்மேயரின் மனைவி கீழைக் கடற்கொள்ளையரிடமிருந்து லிங்காட் மீட்டு வளர்த்த உள்ளூர்ப் பெண். படத்திலே அவள் வெள்ளைக்காரி. வெண்டி ஹில்லர் என்ற ஆங்கில நடிகை அப்பாத்திரத்தை ஏற்றார். அந்த வெள்ளைக்காரிக்கு நிறையப் பேச்சு உண்டு. நாவலில் இரகசிய வழியால் நுழையும் வணிகர் அப்துல்லா என்னும் அராபியர். படத்திலே அவ்விடத்துக்கு வருபவரின் பெயரைக் கேட்டால் தமிழ் நேயர்கள் சற்றே நிமிர்ந்து உட்காருவீர்கள்: அழகப்பன்! கீழைக் கடலெங்கும் வணிகம் செய்த தமிழ்ச் செட்டிமாரின் நினைவு அத்திரைக்கதை எழுதியோர்க்கு எங்ஙனமோ எட்டியிருக்கின்றது. ஆனால் அழகப்பனாக நடித்தவர் பீட்டர் இல்லிங் என்ற ஐரோப்பிய நடிகர். நம்மவர் பெயர் திரையில் வந்தது. நம்மவர் முகம் வரவில்லை.

இவற்றைக் கூறுவதால் நெறியாளரை இகழ்வதாக எவரும் கொள்ளற்க. கரோல் றீட் தம் காலத்தின் பெருங்கலைஞருள் ஒருவர். 1949ஆம் ஆண்டிலே 'தேர்ட் மேன்' என்னும் படத்தால் உலகப் புகழ் பெற்றவர். இப்படத்திலும் வெள்ளையரை உத்தமராகக் காட்ட அவர் முயலவில்லை. வில்லெம்ஸாக வரும் ட்றெவர் ஹவாட் ஒரு மனிதன் உள்ளிருந்தே அழுகிப் போவதைக் கூசாமற் காட்டுகின்றார். அல்மேயராக வரும் றொபேட் மோர்லியின் சிறுமையைக் கண்டு எம் மாணவர் சிரிக்கவும் செய்தனர், வெறுக்கவும் செய்தனர். அல்மேயரைத் தூங்குவலைக்குள் வைத்துக் கட்டி, நெருப்பின்மேல் ஊஞ்சலாட்டும் காட்சி, அடக்கப்பட்ட மக்களின் சினம் எவ்வாறு வெடிக்கும் என்பதை ஒரு கணம் காட்டிவிடுகின்றது. மூலத்தை எழுதிய கொன்றட்டும் ஆதிக்கத்தின் சுவையை மறுபுறத்திலிருந்து அறிந்தவர். 1857ஆம் ஆண்டு, ருசியப் பேரரசுக்குட்பட்டிருந்த போலந்து மக்களிடையே பிறந்தவர். பின்னர் கப்பலோட்டியாகிப் போர்னியோக் கரைக்குச் சென்றவர். அவ்வாறிருந்தும் அந்தப் பெண் பேசாதவளானாள். தீயோர் செய்த தவறாயின் எளிதில் விளங்கும். நல்ல கலைஞர், நல்ல எண்ணத்தோடு செய்தபோதும் இது நேர்ந்ததே என்பதுதான் நாம் ஆராய வேண்டியது.

எனக்குப் பட்ட காரணம் இது. மேற்குலகின் இத்தகைய படங்களிலே காதல் முன்னே நிற்கும். அடக்குமுறை பின்னே திரைச்சீலையாகத் தொங்கும். காதலின் துயரம் வெள்ளையனுடைய துயரம். அவன் கெட்டழிவதற்குக் காரணமாக ஒரு பெண் வேண்டும். காரணம் பேச வேண்டுவதில்லை. கடலும் மழையும் காடும் பேசாதவை போலவே அவளும் பேசாதிருக்கலாம்.

இத்தீவிலே எடுக்கப்பட்ட மற்றொரு படத்தையும் சான்றாகக் காட்டலாம். 1954ஆம் ஆண்டில் வெளியான 'எலிபன்ட் வோக்' என்ற படம் தேயிலைத் தோட்டத்துரையின் மனைவியைப் பற்றியது. முதலில் நாயகியாக நடித்த விவியன் லீ இங்கு வந்து நடித்தபின் நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் அவ்விடத்தை ஏற்றார். தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் விவியன் லீயின் உருவமே இன்னும் நிற்கின்றது என்பர். நடிகை மாறிய கதை உலகெங்கும் பேசப்பட்டது. அத்தேயிலை மலைகளில் உழைத்த தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்த காலம் அது. படத்தில் அவர்கள் கூட்டமாக வருகின்றனர், கூட்டமாகவே போகின்றனர். யானைக்குக் கூடத் தன் வழியைக் கேட்டு மதிலை முட்டி வீழ்த்த ஓர் இடம் கொடுக்கப்பட்டது. கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் மேற்கைக் குறைகூறி அமைந்துவிட்டால் நான் வரலாற்று ஆசிரியன் ஆகேன். கடல் கடந்து வந்தவனை நம்பிய பெண்ணின் கதை எம் கரைக்கே உரியது. விசயன் வந்திறங்கிய தம்பபண்ணி, குதிரைமலையை அடுத்த இந்த வடமேற்குக் கரையிலேயே இருந்தது என்று கருதுவோர் பலர். அவன் வந்தபோது மரத்தடியிலே நூல் நூற்றுக்கொண்டிருந்தவள் குவேனி. அவள் அவனுக்கு உணவளித்தாள்; தன்னையும் அளித்தாள்; திருமண விழாவிலே கூடியிருந்த தன் இனத்தாரை வெல்லும் வழியையும் காட்டிக் கொடுத்தாள். அவளும் ஓர் இரகசிய வழியைத் திறந்தவளே. நாடு கைக்கு வந்தபின் முடிசூட அரச குலத்துப் பெண் வேண்டுமென்று மதுரைக்குத் தூது சென்றது. பாண்டியன் மகள் வருகின்றாள் என்றதும், பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போய்விடு என்று குவேனிக்குச் சொல்லப்பட்டது. தன் மக்களிடம் திரும்பிய அவளை வேவு பார்க்க வந்தவளென்று அவர்களே கொன்றனர் என மகாவம்சம் கூறும். இதில் வெள்ளையர் இலர். வந்தவன் வடநாட்டான், அவளுடைய இடத்தைப் பெற்றவளோ நம் மதுரைப் பெண். வென்றவன் பக்கத்திலிருந்து கதை சொல்லப்படும்போது நாமும் குவேனியை மறந்து திருமண ஊர்வலத்தைப் பார்க்கின்றோம் அல்லவா?

இது வரலாறோ புராணமோ என்பது வேறு வழக்கு. ஆனால் இத்தீவின் கலைஞர் அவளை மௌனத்திலேயே விட்டுவிடவில்லை. கைவிடப்பட்ட குவேனியின் குரலைச் சிங்கள இலக்கியம் மீண்டும் மீண்டும் தேடிச் சென்றது. 1963ஆம் ஆண்டிலே ஹென்றி ஜயசேன 'குவேனி' என்னும் நாடகத்தில் அவளை மேடையேற்றித் தன் வழக்கைத் தானே பேசவைத்தார்.

அடுத்த வாரம் வகுப்பில் இவற்றையெல்லாம் கூறினேன். கேள்வி கேட்ட மாணவி அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவள் அவள். தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டிலுக்கு முன்னே நிற்கும் தன் உம்மம்மாவை அந்நாளிலே யாரோ படம் பிடித்துச் சென்றார்களாம். அப்படம் ஒரு பத்திரிகையிலும் வந்ததாம்.

"படத்துக்குக் கீழே அகதிப் பெண் என்று மட்டும் போட்டிருந்தார்கள், சேர். உம்மம்மாவின் பெயரும் இல்லை. அவர் சொன்ன ஒரு சொல்லும் இல்லை. அந்தப் படத்திலும் அவர் கண்ணைத்தான் எடுத்திருந்தார்கள்," என்றாள்.

நேயர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தவன் நான். குடியேற்ற ஆட்சி என்பதை ஆண்டுகளாகவும் உடன்படிக்கைகளாகவும் கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். பிறர் வாயைத் தன் வாயாக எடுத்துக்கொள்வதும் ஆட்சியின் ஓர் இயல்பு என்பதை அன்று ஒரு மாணவி எனக்குக் கற்பித்தாள். அதனைச் செய்ய ஒல்லாந்தனாகவோ ஆங்கிலேயனாகவோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பேசியவர்களும் எம் கரையில் உண்டு. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய காலத்திலே, அவர்களுடைய மொழியிலேயே இலங்கையின் ஊர்களையும் மக்களையும் விவரிக்கும் அகரவரிசை நூலை 1834ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1859ஆம் ஆண்டிலே தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் பெயரால் தொகுத்தளித்தார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிக்கொண்டிருந்த வேளையிலே, நம்மைப் பற்றி நாமே எழுதலாம் என்று காட்டிய பெருமகன் அவர்.

ஏடெழுத இயலாதவர் பாடினர். புத்தளத்துக்கு அண்மையிலே சிராம்பியடி என்ற ஊர் இருக்கின்றது. ஐரோப்பியரால் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த சிலர் அங்கே வாழ்கின்றனர். இத்தீவில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவர்களுடைய முன்னோரின் பெயர்களை எந்த ஏடும் முறையாகக் காக்கவில்லை. ஆயினும் சிரட்டையும் மேளமும் கொண்டு போர்த்துக்கேயக் கலப்பு மொழியிலே அவர்கள் பாடும் மஞ்சாப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. அம்மொழியை அன்றாடப் பேச்சில் வழங்குவோர் அருகிவிட்டனர். பாட்டு மட்டும் பாட்டனிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கின்றது. மெல்லத் தொடங்கிப் போகப்போக விரையும் அப்பாட்டைக் கேட்போர், சொற்பொருள் விளங்காவிடினும், பாடுவோர் உண்டு என்பதை மறக்கமாட்டார்.

அம்மாணவி இப்பொழுது ஒரு வேலை செய்கின்றாள். பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையிலும் தன் உம்மம்மாவின் பக்கத்தில் உட்காருகின்றாள். புறப்பட்ட நாள், விட்டுவந்த கிணறு, வழியிலே பசியோடு அழுத பிள்ளை, கற்பிட்டிக் கரையில் முதற்கஞ்சி கொடுத்த வீட்டார் ஆகிய யாவற்றையும் அம்முதியவர் சொல்லச் சொல்ல எழுதுகின்றாள். சொன்னபடியே எழுது, அழகுபடுத்தாதே என்று மட்டும் நான் கூறினேன். முதற் பக்கத்தின் மேலே உம்மம்மாவின் முழுப்பெயரை அவள் எழுதியிருக்கின்றாள்.

பழைய படங்களைப் பாருங்கள், நேயர்களே. அவற்றின் கலையை மதியுங்கள். ஆனால் படம் ஓடும்போது ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு, யாருடைய குரல் கேட்கின்றது, யாருடைய குரல் கேட்கவில்லை என்று செவிகொடுத்துப் பாருங்கள். வானொலி நேயர்களாகிய உங்களுக்கு அது புதிய பயிற்சி அன்று. பின்னர் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் முதியவரிடம் சென்று, அவர் பேசும்வரை காத்திருங்கள்.